தரிசனம் கிடைத்த தம்பிக்கு: ஐரோப்பிய வேதாகமப் பள்ளியில் பிழைக்கும் வழி

அழைப்பு இல்லாமல் ஐரோப்பாவுக்குப் போகிறவன் சுற்றுலாப் பயணி. அழைப்போடு போகிறவன் ஊழியக்காரன். விமானச் சீட்டின் விலை இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் முதலாமவன் சொந்தக் காசில் வாங்க வேண்டும், இரண்டாமவனுக்குச் சபையில் காணிக்கை எடுப்பார்கள். ஆகவே தம்பி, பெட்டி வாங்குவதற்கு முன்னால் அழைப்பைச் சம்பாதித்துக்கொள்.

இதற்கு வேதத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. பவுல் துரோவா பட்டணத்தில் இருந்தபோது, மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் நின்று தன்னைக் கூப்பிடுவதாக இரவில் தரிசனம் கண்டார். அப்படித்தான் அவர் கடல் கடந்து பிலிப்பிக்குப் போனார்; அப்போஸ்தலர் பதினாறாம் அதிகாரம். உன் தரிசனத்தில் நிற்கிறவன் ஆஸ்திரியாக்காரனாக, தோளில் பனிச்சறுக்குக் கட்டையோடு நின்றால் கவலைப்படாதே. சாட்சி சொல்லும்போது கட்டையை மட்டும் விட்டுவிடு, மீதியை அப்படியே சொல்லலாம்.

வீட்டில் அம்மா கேட்பாள்: “ஏல, பைபிள் படிக்க அம்புட்டுத் தூரம் போணுமா? இங்க சண்டே ஸ்கூல்ல படிச்சது காணாதா?” அதற்கு ஒரே பதில்தான். “அங்க ஆழமாச் சொல்லித் தருவாங்கம்மா.” இந்த ஆழத்துக்கு எதிராக எந்தச் சேகரத்திலும் யாரும் பேச முடியாது. பரிந்துரைக் கடிதம் கேட்டுச் சபை ஐயரிடம் போகும்போதும் இதையே சொல். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தான் ஒரு காலத்தில் இப்படிப் போக நினைத்துப் போகாமல் விட்டதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். பொறுமையாகக் கேள். கடிதம் அந்த அரை மணி நேரத்தின் கடைசியில்தான் இருக்கிறது.

பள்ளியைத் தேர்ந்தெடுத்தல்

நான்கைந்து வருடம் கிரேக்கத்தையும் எபிரெயத்தையும் உருப்போடவைத்துப் பட்டம் கொடுக்கிற இறையியல் கல்லூரிகள் உண்டு. அவை உனக்கு வேண்டாம். அங்கே போனால் படிக்க வேண்டியிருக்கும். உனக்கானவை செப்டம்பரில் தொடங்கி ஆறேழு மாதத்தில் முடிந்து, கடைசியில் அழகான எழுத்தில் ஒரு சான்றிதழ் தருகிறவை.

இந்தப் பள்ளிகளைத் தொடங்கியவர்களுக்கு இடம் பார்க்கத் தெரிந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டார்ச்பேரர்ஸ் என்ற அமைப்பின் பள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள். இங்கிலாந்தின் லங்காஷயரில் பழைய மாளிகை ஒன்று, பெயர் கேப்பர்ன்ரே ஹால். ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹாஃபன் நகரத்தில், ஏரியைப் பார்த்தபடி போடன்ஸேஹோஃப். ஆஸ்திரியாவில் டாவர்ன்ஹோஃப் இருப்பது ஷ்லாட்மிங்கில். 1982இலும் 2013இலும் ஆல்பைன் பனிச்சறுக்கு உலகப் போட்டி நடந்த ஊர் அது. விண்ணப்பத்தில் “ஏன் இந்தப் பள்ளி?” என்று ஒரு கேள்வி இருக்கும். உபதேசத்தைப் பற்றி ஒரு பத்தி எழுது. மலையைப் பற்றி எழுதாதே, அது அவர்களுக்கே தெரியும்.

கேலியை ஒரு நிமிடம் நிறுத்திச் சொல்கிறேன். கேப்பர்ன்ரேயைத் தொடங்கிய இயன் தாமஸ், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் மேஜராக இருந்தவர். போர் முடிந்த கையோடு அவர் அந்த மாளிகைக்கு அழைத்துவந்தவர்களில் ஜெர்மானிய இளைஞர்களும் இருந்தார்கள். நேற்றுவரை துப்பாக்கிக்கு அந்தப் பக்கம் நின்ற தேசத்தின் பிள்ளைகளை இன்று சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் உட்காரவைப்பது எளிதாக இருந்திருக்காது. உன்னைப் போன்றவர்கள் பனிச்சறுக்குப் படம் பார்த்து விண்ணப்பிப்பது அவர் எதிர்பார்த்த பின்விளைவு அல்ல.

பெட்டி கட்டுதல்

கட்டுவதற்கு முன் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தை வாசி. துரோவாவில் கார்ப்பு என்பவனிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவா, புத்தகங்களை எடுத்துவா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேர் என்று சிறையிலிருந்து பவுல் எழுதுகிறார். கடல், புயல், கல்லெறி எல்லாம் தாங்கிய அப்போஸ்தலரே குளிருக்கு மேலங்கி கேட்டிருக்கிறார். நீ பாளையங்கோட்டையில் மார்கழிக்கு வாங்கிய ஸ்வெட்டரை நம்பிக் கிளம்புகிறாய். நம்பு. நவம்பரில் பள்ளியின் நன்கொடைப் பெட்டியிலிருந்து யாரோ ஒரு நார்வேக்காரன் விட்டுப்போன அங்கி உனக்குக் கிடைக்கும். கை நான்கு விரற்கடை நீளமாக இருக்கும், அவ்வளவுதான்.

சாப்பாட்டுச் சாமான் விஷயத்தில் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுவரக் கூடாது. ஆகவே அத்தை கொடுத்த நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் விமான நிலையத்தோடு சரி. மீன் விஷயத்தில் அதே சட்டம் தாராளமாக இருக்கிறது, தலைக்கு 20 கிலோ வரை விடும். கருவாட்டுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, அறைத்தோழர்கள் கொடுக்க மாட்டார்கள். ஒரு துண்டு நெத்திலியை வறுத்துப் பார்; ஆறு நாட்டு இளைஞர்கள் ஒரே மனதாக, ஒரே ஆவியாக வெளியேறுவதைக் காண்பாய். சர்வதேச ஐக்கியம் அந்தக் கட்டடத்தில் அவ்வளவு முழுமையாக வேறு எப்போதும் வெளிப்படாது.

ஊறுகாயை மூன்று பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டு. அது எப்படியும் ஒழுகும். பைபிளை மட்டும் கைப்பையில் வைத்துக்கொள்.

அறையும் ஜன்னலும்

இரண்டடுக்குக் கட்டில். மேல்கட்டில் உனக்கு, ஏனென்றால் நீ விமானம் மாறி மாறிக் கடைசியில் வந்துசேர்ந்தவன். கீழ்க்கட்டிலில் கனடாவின் கோதுமைப் பண்ணையிலிருந்து வந்த ஒருவன் இருப்பான். அவன் திரும்பிப் படுத்தால் கட்டில் கடலில் போகும். எதிர்க்கட்டிலில் ஒரு ஜெர்மானியன். அவன்தான் ஜன்னலுக்கு அதிபதி. ஜனவரி மாதம் காலை ஆறு மணிக்கு இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து ஐந்து நிமிடம் அப்படியே வைப்பான். இது கொடுமை அல்ல, காற்றோட்டம். பூஞ்சை பிடிக்காமலிருக்க அவர்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து செய்வது. எதிர்த்துப் பேசாதே. போர்வைக்குள் இருந்தபடியே யோபுவின் சரித்திரத்தைத் தியானித்துக்கொள்.

ஜெர்மனியில் இரவு பத்துக்குமேல் சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கவே சத்தம் கூடாது. துளைபோடும் எந்திரத்தை எடுக்கக் கூடாது, காலி பாட்டிலைத் தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில் போடக்கூடக் கூடாது. கடைகள் பூட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளாகச் சட்டப்படி காக்கப்படும் என்று 1919இல் வைமார் அரசியல் சட்டம் தன் 139ஆம் பிரிவில் எழுதியது. 1949இன் ஜெர்மன் அடிப்படைச் சட்டம் அதை அப்படியே தனக்குள் எடுத்துக்கொண்டது. நீ ஆராதனைக்குப் போய்ப் பார்த்தால் முன்வரிசையில் நரைத்த தலைகள் சில, பின்னால் வெறும் பெஞ்சுகள். ஓய்வுநாளை இன்றைக்கு ஒரு பிசகும் இல்லாமல் ஆசரிப்பது பல்பொருள் அங்காடிதான். சனிக்கிழமை மாலையே பற்பசை வாங்கி வைத்துக்கொள்.

காணிக்கையும் அங்கே வேறு விதம். பதிவுபெற்ற பெரிய சபைகளின் உறுப்பினர்களிடம் வருமான வரியில் எட்டு அல்லது ஒன்பது சதவீதத்தைச் சபை வரியாக வரி அலுவலகமே பிடித்துக்கொடுக்கிறது. சபையை விட்டு விலகுகிறவன் அரசாங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தயவுசெய்து இதை ஊரில் உங்கள் சபைப் பொருளாளரிடம் சொல்லிவிடாதே. அவர் தூக்கம் கெட்டுவிடும்.

வகுப்பில் விழித்திருத்தல்

பாடம் நடத்த வாரத்துக்கு ஒருவர் வருவார். இந்த வாரம் ஆதியாகமம், அடுத்த வாரம் கிருபை, அதற்கடுத்த வாரம் எசேக்கியேல். ஒவ்வொருவரும் தன் வாரத்தில் வேதம் முழுவதற்கும் சாவி தன் பாடத்தில்தான் இருக்கிறது என்று நிரூபிப்பார். வெள்ளிக்கிழமை நீ கண்ணீரோடு அதை ஏற்றுக்கொள்வாய். திங்கட்கிழமை வேறு சாவியோடு வேறொருவர் வருவார்.

மொழிபெயர்ப்போடு நடக்கும் வகுப்பாக இருந்தால் உன் பாக்கியம். ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு தடவை வரும், ஒன்றில் கண்ணை மூடலாம். நகைச்சுவைக்குச் சிரிப்பும் இரண்டு தவணையில் வரும். முதலில் ஆங்கிலம் புரிந்த பக்கம், பிறகு ஜெர்மன் பக்கம். இரண்டு தவணையிலும் சிரி. நீ பன்மொழிப் புலவன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தூக்கத்தைப் பற்றி மனம் புண்பட வேண்டாம். துரோவாவில் பவுல் நடுராத்திரிவரை பிரசங்கம் செய்தபோது, ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடி தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். கீழே போய் அவனை உயிரோடு மீட்ட பிறகு பவுல் என்ன செய்தார்? மறுபடி மேலே வந்து விடியும்வரை பேசினார். பேச்சாளர்கள் மாறவில்லை, மாணவர்களும் மாறவில்லை. நீ செய்யக்கூடியது ஒன்றுதான், ஜன்னலோரம் உட்காராதே.

வேதத்தை முழுவதும் வாசித்து முடிக்க வேண்டும் என்று ஒரு அட்டவணை கொடுப்பார்கள். 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கட்டம். ஆதியாகமக் கட்டங்களில் பேனா அழுத்தமாகப் பதிந்திருக்கும். லேவியராகமத்தில் கை தளரும். முதலாம் நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்கள் வம்ச அட்டவணை. அந்த ஒன்பது கட்டங்களையும் மனிதர் எல்லோரும் ஒரே மூச்சில்தான் குறியிட்டிருக்கிறார்கள். வண்ணப் பேனாக்கள் நிறைய வாங்கிக்கொள். வாக்குத்தத்தத்துக்குப் பச்சை, கட்டளைக்குச் சிவப்பு, பாவத்துக்குப் பழுப்பு என்று அடித்துக்கொண்டே வந்தால் நியாயாதிபதிகள் முடியும்போது பழுப்புப் பேனா தீர்ந்துபோகும்.

அமைதிவேளை என்று காலையில் அரை மணி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். ஏரிக்கரையில் ஒரு பெஞ்சைப் பிடித்து, பைபிளை மடியில் திறந்துவைத்து, தண்ணீரைப் பார். பார்க்கிறவர்களுக்குத் தியானமும் தூக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஜெபக்குறிப்பு எழுதும் முறை

சிறு குழுக்களாக உட்கார்ந்து ஜெபக்குறிப்பு சொல்லச் சொல்வார்கள். இங்கே நீ ஒன்றும் கற்க வேண்டியதில்லை, ஊரிலிருந்தே பயிற்சியோடு வருகிறாய். “அந்தத் தம்பிக்காக விசேஷமாக ஜெபிச்சுக்கணும், ஏன்னு நான் சொல்ல விரும்பல” என்று ஆரம்பித்தால் போதும், எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள்.

இந்த மாதிரிப் பேச்சுக்கு விதியே வைத்தவர் ஒருவர் உண்டு. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1935இல் ஃபிங்கன்வால்டேயில் ஒரு குருத்துவப் பள்ளி நடத்தினார். ஹிட்லருக்குப் பணியாத சபையின் பள்ளி. 1937இல் கெஸ்டாப்போ வந்து பூட்டியது. அந்த இடம் இப்போது போலந்தில் இருக்கிறது. அங்கே அவர் வைத்த விதி, இல்லாத சகோதரனைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பது. பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்ல வேண்டும். ரகசியப் போலீசுக்குப் பயந்து வாழ்ந்த இடத்தில் அவர் கவலைப்பட்டது மாணவர்களின் நாக்கைப் பற்றி. அந்த விதியை உன் குழுவில் கொண்டுவரும்படி யோசனை சொல்லாதே. ஜெபக்கூட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், மீதி நேரத்துக்கு உங்களிடம் பேச்சே இருக்காது.

காதல் விஷயம் தனி. பெரும்பாலான பள்ளிகளில் படிப்பு முடியும்வரை ஜோடி சேரக் கூடாது என்று விதி உண்டு. அதனால் யாரும் காதலிப்பதில்லை. தேவ நடத்துதல் மட்டும் பெறுகிறார்கள். மூன்று பையன்களுக்கு ஒரே ஸ்வீடன் பெண்ணைக் குறித்து ஒரே வாரத்தில் நடத்துதல் கிடைப்பதுண்டு. அந்தப் பெண்ணுக்கு மூவரைக் குறித்தும் ஒன்றும் கிடைத்திருக்காது. மூவரில் ஒருவனிடம் கித்தார் இருக்கும். அவனிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இரு.

பாத்திரம்

அட்டவணையில் உன் பெயருக்கு எதிரே ஒரு வேலை எழுதியிருக்கும். கழிப்பறை, இலை பெருக்குதல், உருளைக்கிழங்கு உரித்தல், பாத்திரம். வீட்டில் தண்ணீர் குடித்த டம்ளரைக்கூட அம்மா எடுத்துப்போன பிள்ளை நீ. இங்கே நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சாப்பிட்ட தட்டுகள் உன்னை நோக்கி வரிசையாக வரும்.

இதிலிருந்து தப்பிக்க வழி சொல்வதுதான் இந்த வழிகாட்டியின் கடமை. தேடிப் பார்த்துவிட்டேன், வழி இல்லை. கை வலி என்றால் ரப்பர் உறை கொடுப்பார்கள். ஜெபிக்கப் போக வேண்டும் என்றால், போய்விட்டு வா, உன் பங்கு காத்திருக்கும் என்பார்கள். அந்த வாரத்துப் பெரிய பேச்சாளரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு துடைக்கும் துணியோடு பக்கத்தில் நிற்கும்போது நீ எங்கே போவாய்?

அந்த நீராவிக்குள்தான் பேச்சு நடக்கும். ருமேனியாக்காரி, தன் ஊர்ச் சபையில் கம்யூனிஸ்ட் காலத்தில் ஞானஸ்நானம் எடுத்த தாத்தாவைப் பற்றிச் சொல்வாள். கனடாக்காரன் உன்னிடம், “உங்க குடும்பம் எப்போ கிறிஸ்தவங்களா மாறினாங்க?” என்று கரிசனத்தோடு கேட்பான். அவன் மனதில் ஒரு காடு, ஒரு யானை, போன வருடம் மனந்திரும்பிய ஒரு கிராமம் ஓடிக்கொண்டிருக்கும். பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற அம்மாள் கட்டிய ஆலயம் 1785இல் எழுந்தது என்று சொல். கனடா ஒரு நாடாகச் சேர்ந்தது 1867இல். அவன் கையிலிருந்த தட்டைத் தண்ணீருக்குள் நழுவவிட்டு உன்னைப் புதிதாகப் பார்ப்பான். வகுப்பறையில் ஆறு மாதம் “உலகளாவிய சபை” என்று கேட்டதில் அவனுக்குப் புரியாதது அந்தத் தொட்டியடியில் புரிந்துவிடும்.

வகுப்பில் நீ எழுதிய குறிப்பேடுகள் மூன்றும் பிற்காலத்தில் பரணில் கிடக்கும். அடுக்களையில் பேசியது கிடக்காது. பள்ளி நடத்துகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும் என்பது என் சந்தேகம். வகுப்பெல்லாம் பாத்திரம் கழுவ ஆள் சேர்க்கத்தானோ என்னவோ.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் ரொட்டி. மதியம் சூடாக ஏதோ ஒன்று. இரவில் மறுபடி ரொட்டி, குளிர்ந்த பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய். தொலைபேசியில் அம்மா “ராத்திரி என்னல சாப்பிட்ட?” என்று கேட்டால் உண்மையைச் சொல்லாதே. இரண்டு வேளை சோறில்லை என்று தெரிந்தால் அவள் தரிசனத்தையே ரத்து செய்துவிடுவாள்.

சுற்றுலா போகாமல் சுற்றுவது

வார இறுதிகளும் விடுமுறைகளும் வரும். ஊரிலிருந்து பணம் அனுப்புகிறவர்களுக்கு மாதம் ஒரு ஜெபக் கடிதம் எழுத வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வது தனிக் கலை. பாரிசுக்குப் போனால் “பிரான்ஸ் தேசத்துக்கான பாரம் அதிகரித்தது” என்று எழுது. வெனிஸ் என்றால் “தண்ணீர்கள் நடுவே வாழும் ஜனங்கள்.” ரோமாபுரிக்கு விளக்கமே வேண்டாம், அதன் பெயரில் ஒரு நிருபமே இருக்கிறது.

படம் எடுப்பதில்தான் மாட்டிக்கொள்வார்கள். ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹாஃபனிலிருந்து படகில் ஒரு மணி நேரத்துக்குள் கான்ஸ்டன்ஸ் போய்விடலாம். 1414 முதல் 1418 வரை பெரிய சபைச் சங்கம் கூடிய ஊர். சீர்திருத்தம் பேசிய போதகர் யான் ஹுஸ் பாதுகாப்பு உறுதியை நம்பி அங்கே வந்தார்; 1415 ஜூலை 6 அன்று அவரை உயிரோடு எரித்தார்கள். ஜெபக் கடிதத்துக்கு இதைவிடச் சிறந்த இடம் கிடைக்காது. ஆனால் துறைமுகத்தின் வாசலில் 9 மீட்டர் உயரத்தில் இம்பீரியா என்ற சிலை நிற்கிறது. 1993இல் சிற்பி பீட்டர் லெங்க் வைத்தது. சங்கத்துக்கு வந்த பெரியவர்களைக் கிண்டலடிக்கும் தாசியின் உருவம். ஆடை அவ்வளவாக இல்லை. இரண்டு கைகளிலும் இரண்டு நிர்வாணக் குள்ளர்கள், ஒருவன் தலையில் போப்பின் மகுடம், மற்றவன் தலையில் பேரரசனின் கிரீடம். சிலை நான்கு நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும். அது முதுகைக் காட்டும்போது படத்தை எடுத்துவிடு. “கலங்கரை விளக்கம்” என்று குறிப்பு எழுதினால் ஐயரம்மா கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஜூரிக்கில் சீர்திருத்தம் ஒரு தொத்திறைச்சியில் ஆரம்பித்தது. 1522 தபசு காலத்தில் அச்சுக்காரர் ஃப்ரோஷவர் வீட்டில் சிலர் விதியை மீறி அதைச் சாப்பிட்டார்கள். அங்கே இருந்த போதகர் ஸ்விங்லி சாப்பிடவில்லை. பிறகு அவர்களுக்காகப் பிரசங்கம் செய்தார். இன்றைக்கு அதே ஊரில் ஒரு தொத்திறைச்சி வாங்க நினைத்தால், விலையைப் பார்த்ததும் நீயும் ஸ்விங்லியைப் போலவே நின்றுவிடுவாய். ஐந்து வருடம் கழித்து, 1527இல், பெரியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததற்காக ஃபெலிக்ஸ் மான்ட்ஸ் என்பவரை அதே நகரம் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. சீர்திருத்தக்காரர்களின் நகரம்தான் செய்தது. இதை வகுப்பில் வேகமாகக் கடந்துபோவார்கள், நீ ஆற்றங்கரையில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போ.

விட்டன்பெர்க்கில் ஆலயக் கதவுக்கு முன் நின்று, லூத்தர் ஆணியடித்த கதவு என்று எழுதாதே. அந்த மரக்கதவு 1760இல் எரிந்துபோயிற்று. நீ தொட்டுப் பார்ப்பது 1858இல் வைத்த வெண்கலம், ஆணி இறங்காது. வார்ட்பர்க் கோட்டையில் அவர் புதிய ஏற்பாட்டை ஏறக்குறைய பதினோரு வாரத்தில் ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். நீ யூதாவின் நிருபத்தைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை எழுத எத்தனை வாரம் தவணை கேட்டாய் என்பதைக் கடிதத்தில் குறிப்பிட வேண்டியதில்லை.

ரயிலைப் பற்றி. ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு இன்டர்ரெயில் சீட்டு, வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு யூரெயில் சீட்டு. குடியிருப்பு அனுமதி அட்டை கையில் வந்தபின் நீ முதல் வகை. ஜெர்மனியில் ஆறு நிமிடத்துக்குள் பிந்தி வந்த ரயில் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு. ஓடாமலே போன ரயில் தாமதக் கணக்கில் சேராது. நான்கு நிமிட இடைவெளியில் ரயில் மாறும்படி பயணம் போடு. ஜெபத்தைப் பற்றி எந்தப் பேச்சாளரும் கற்றுத்தராததை ஊல்ம் நிலையத்தின் நடைமேடையில் கற்பாய்.

ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனுக்குள் இருக்கிறது. விசா கேட்காது, பணத்தைக் கேட்கும். இங்கிலாந்து இரண்டிலும் இல்லை. லண்டனில் ஸ்பர்ஜனின் கல்லறையைப் பார்க்க ஆசையாக இருந்தால் அதற்குத் தனி விசா. பிரசங்க ராஜாவைப் பார்க்கத்தான் வருகிறேன், அவர் 1892இலேயே தூங்கிவிட்டார், அவரால் எனக்கு வேலை வாங்கித்தர முடியாது என்று விண்ணப்பத்தில் எழுதிப் பார்க்கலாம்.

எல்லா ஊரையும் விட்டுவிட்டு ஒரே ஊருக்குத்தான் போக முடியும் என்றால் ஜெர்மனியின் ஹாலேவுக்குப் போ. அங்கே படம் எடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. 1698இல் போதகர் ஃப்ராங்கே அனாதைப் பிள்ளைகளுக்காக எழுப்பத் தொடங்கிய நீண்ட கட்டடங்கள், அவ்வளவுதான். அங்கே படித்த மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார்; 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அவர் ஐரோப்பா போய்வந்தபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் கப்பலேறினார். சீகன்பால்க் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சானது. தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் அந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மூன்று நூற்றாண்டுக்கு முன் நம்மாள் ஒருவர் போனபோது, அங்கே இருந்தவர்கள் நம் பாஷையை உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். நீ ஆழம் தேடிப் போகிறாய். அந்தக் கட்டடத்தின் பெஞ்சில் உட்கார்ந்து இதை யோசித்துப் பார், குளிருக்கு இதமாக இருக்கும்.

ஊர் திரும்புதல்

விமானத்திலிருந்து இறங்கியதும் ஒரு வாரத்துக்கு “அங்கெல்லாம்” என்று ஆரம்பிக்காதே. அங்கெல்லாம் ஆராதனை சரியாக ஒரு மணி நேரம்தான், அங்கெல்லாம் ஒலிபெருக்கி கிடையாது என்று நீ சொன்னால், ஐயர் பொறுத்துக்கொள்வார், ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்த கமிட்டி உறுப்பினர் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். பத்து நிமிடம் என்பார்கள், நீ நாற்பது எடுத்துக்கொள்வாய். பெரியப்பா சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இத வச்சு டீச்சர் வேலைக்குப் போலாமா?” என்பார். போக முடியாது. “அப்ப பாஸ்டர் வேலைக்கு?” அதற்கும் முடியாது. “பின்ன?” என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இந்த வழிகாட்டியிலும் இல்லை, பள்ளியின் விவரக் கையேட்டிலும் இல்லை.

அடுத்து சபையின் அசன விருந்து வரும். ஆயிரம் பேர் சாப்பிட்டு எழுந்த பந்தல், கரி பிடித்த அண்டாக்கள். உன்னை மேடைப் பக்கம் நாற்காலியில் உட்காரச் சொல்வார்கள், வெளிநாட்டில் படித்த பிள்ளை அல்லவா. உட்காராதே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடிக்குப் போ. அங்கே வருடா வருடம் அண்டா தேய்க்கிற அண்ணன் ஒருவர் இருப்பார். அவர் சந்தேகத்தோடு உன்னை மேலும் கீழும் பார்ப்பார். “சுடுதண்ணியும் சோப்பும் எங்கண்ணே இருக்கு?” என்று கேள்.

“சுடுதண்ணியா? சாம்பல எடுத்துத் தேயி. ஆறு மாசம் என்னத்தப் படிச்ச நீ?”